புறக்கோடும் எழுத்தின் கண்ணும்: வன்னிக் கல்வெட்டு அட்டைகள் பற்றிய ஒரு நோக்கு

கல்வெட்டு என்னுஞ் சொல் ஈழத்தவரிடையே இரு பொருளில் வழங்குவது. ஒன்று கருங்கல்லிற் பொறித்த சாசனம். மற்றையது, ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாளில் உற்றாருக்கு வழங்கப்படும் நினைவு நூல். பின்னதன் உள்ளே வரும் சரமகவிகளைப் பற்றிப் பேசுவோர் உளர். அதன் அட்டையில் இறந்தவரின் பெயர் எவ்வாறு எழுதப்படுகின்றது என்று நோக்குவோர் அரியர். இன்று அவ்வெழுத்தின் தோற்றத்தைப் பெரிதும் தீர்மானிப்பது படத்தொகுப்பு மென்பொருளின் ஓர் உத்தி: எழுத்தைச் சுற்றி வேற்று நிறத்தில் இடப்படும் புறக்கோடு. வன்னியில் என் கைக்கு வந்த அட்டைகளை முன்வைத்து அவ்வுத்தியை மதிப்பிட முயல்கின்றேன்.

புறக்கோட்டை வெற்று அலங்காரம் என ஒதுக்குதல் தகாது. அட்டையின் பின்னணியில் முகிலும் தாமரையும் குத்துவிளக்கும் இருக்கின்றன. ஓரிடம் வெளிறியும் ஓரிடம் கறுத்தும் உள்ள படத்தின்மேல் எந்நிற எழுத்தும் எங்கேனும் ஓரிடத்தில் மறைந்துபோகும். திரைப்படங்களின் அடியில் தோன்றும் வெள்ளை வரிகளுக்கு மெல்லிய கறுப்புக் கோடு இடுவதும் இதனாலேயே. போட்டோசொப்பில் எழுத்து அடுக்கைத் தெரிந்து, ஸ்ட்ரோக் என்னும் பகுதியில் தடிப்பையும் நிறத்தையும் இடத்தையும் குறித்தால் வேலை முடிந்தது. இலவச மென்பொருளாகிய ஜிம்ப்பில், 2025 இல் வெளியான 3.0 பதிப்பு முதல் எழுத்துக் கருவியிலேயே இவ்வசதி உண்டு. 'இடம்' என்றது, கோடு எழுத்தின் உள்ளே விழுவதா, வெளியே விழுவதா, விளிம்பின் நடுவே விழுவதா என்பதை. உள்ளே விழுந்தால் எழுத்தின் உடல் மெலியும். நடுவே விழுந்தால் கோட்டின் பாதி உடலைத் தின்னும். ஆகவே வெளியே இடுவதே பொதுவழக்கு.

ஆயின், வெளி என்பது யாது? மென்பொருளுக்கு மை இல்லாத இடமெல்லாம் வெளியே. ணகரத்தின் சுழிக்குள் உள்ள வெற்றிடமும் கொம்பின் சுழிக்குள் உள்ள வெற்றிடமும் அதன் கணக்கில் வெளிதான். 6 பிக்சல் அகலமுள்ள சுழியை 3 பிக்சல் தடிப்புள்ள கோடு இருபுறமிருந்தும் வந்து முற்றாக நிரப்பிவிடும். உரோமப் பேரெழுத்துகளின் உள்வெளி அகன்றது; ஓரளவு தடிப்பைத் தாங்கும். நம் எழுத்துகளோ சிறு சுழிகளால் உயிர்வாழ்வன. சுழி நிரம்புவது தன்னளவிற் குற்றமன்று என்பதையும் சொல்லவேண்டும். கோட்டின் நிறம் பின்னணியின் இருளோடு சேர்ந்ததாயின், நிரம்பிய சுழி கரிய கண்ணாக நின்று எழுத்தைத் தெளிவாக்கும். எழுத்தின் ஒளியோடு சேர்ந்ததாயின் கண் அடைபடும். மஞ்சள் எழுத்துக்கு வெள்ளைக் கோடு இட்டு, அதன்மேற் சிவப்புக் கோடு இட்ட அட்டையைப் பத்தடி தள்ளி வைத்துப் பாருங்கள். மஞ்சளும் வெள்ளையும் ஒன்றாகி எழுத்துக் கட்டியாகத் தெரியும். புறக்கோடு பின்னணியின் பக்கம் நிற்கவேண்டும், எழுத்தின் பக்கம் சேரலாகாது என்பதே என் வாதம்.

இது வெறும் கண்ணழகு பற்றிய வாதமன்று. மெய்யெழுத்துக்கும் எகர ஒகரக் குறில்களுக்கும் தொல்காப்பியம் புள்ளி விதித்தது. எனினும் பழஞ் சாசனங்களிலும் ஏடுகளிலும் புள்ளி பெரும்பாலும் இடப்படவில்லை. குறிலா நெடிலா என்பதை வாசிப்பவரே உய்த்துணர வேண்டியிருந்தது. இத்தாலியரான வீரமாமுனிவர் (1680–1747) நெடிலுக்குக் கொம்பை மேலே சுழித்து அவ்விடரைத் தீர்த்தார். அந்தச் சுழியைத்தான் தடித்த வெள்ளைக் கோடு முதலில் விழுங்குகின்றது. அடுத்து விழுங்குவது புள்ளியை.

என் அம்மம்மாவின் கல்வெட்டு அட்டையில் நிகழ்ந்தது இதுவே. பெயர் பெரிய எழுத்திலிருந்ததால் தப்பியது. அதன் கீழே, 'நெடுங்கேணியைப் பிறப்பிடமாகவும்' எனத் தொடங்கும் சிறிய வரிக்கும் பெயருக்குரிய புறக்கோடே பிரதி செய்யப்பட்டிருந்தது. எழுத்து மூன்றிலொரு பங்காகச் சிறுத்தும் தடிப்புக் குறையவில்லை. அம்மம்மாவின் தம்பியார் விறாந்தையில் இருந்து அட்டையைத் தூரப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்துவிட்டு, "இதென்ன ஊரெண்டு போட்டிருக்கிறாங்கள், பிள்ளை?" என்றார். அது அவரும் பிறந்த ஊர். 2009 இல் அல்பங்கள் உட்பட எல்லாவற்றையும் விட்டு வந்த குடும்பம் எங்களுடையது. அட்டையிலுள்ள முகமும் அடையாள அட்டைக்கு எடுத்த படத்தைப் பெருப்பித்ததே. அம்மம்மாவைப் பற்றி அச்சில் உள்ளவை அந்நூலின் சில பக்கங்கள் மாத்திரம். அவற்றுள் ஊரின் பெயரும் வாசிக்க முடியாதிருப்பதைச் சிறு பிழை என்று என்னாற் கொள்ள முடியவில்லை.

அட்டையை வடிவமைத்த இளைஞரிடம் பின்னர் இதைக் கூறினேன். அவர் கோபிக்கவில்லை. "வெள்ளை இல்லாட்டி எடுப்பா இருக்காது, தங்கச்சி. சனம் அதைத்தான் கேக்குது" என்றார். அவர் கூற்றில் நியாயம் உண்டு. கடைக்கு வருவோர் முன்னைய அட்டையொன்றைக் காட்டி அதுபோல் வேண்டும் என்கின்றனர். அம்முன்னைய அட்டையும் வேறொன்றின் பிரதி. ஏ-9 வீதியோரத்துப் பதாகைகளில் தொலைவிலிருந்து வரும் கண்ணை இழுப்பதற்கு எழுந்த வழக்கம், கையில் வைத்து வாசிக்கும் சிறு நூலுக்குள் அளவு மாறாமல் நுழைந்திருக்கின்றது.

ஆண்டுத் திவச அழைப்பிதழுக்கு அவரே வெள்ளைக் கோட்டை நீக்கி, கருநீல மெல்லிய கோடு ஒன்றை இட்டுத் தந்தார். எழுத்துக்குப் பின்னாலுள்ள முகிலையும் சற்று இருட்டாக்கினார். நெடுங்கேணி தெளிவாக வந்தது. ஆனால் அவ்வழைப்பிதழைக் கோரல்ட்ரோவில், பாமினி எழுத்துருவில் அமைத்திருந்தார். அவ்வெழுத்துருவில் கி, னி முதலியவை உடலும் விலங்கும் தனித்தனித் துண்டுகளாய் ஒட்டப்படுவன. போட்டோசொப்பின் அடுக்குவிளைவு எழுத்து முழுவதையும் ஒரே உருவாகக் கொண்டு சுற்றிவரும். இங்கோ ஒவ்வொரு துண்டையும் கோடு தனித்தனியே சுற்றியது. 'கிருத்தியம்' என்ற சொல்லின் முதலெழுத்தில் விலங்கு பொருந்துமிடத்தைக் குறுக்கறுத்து ஒரு நீலத் தையல் ஓடுகின்றது. அதை அச்சான பிறகுதான் இருவரும் கண்டோம்.