உருவப்படக் கலையில் அமைப்பு: நியூமனின் இரு படங்கள்

நிழற்படக் கலையைப் பற்றி எழுதுவோர் பலர் உருவப்படத்தை முகத்தோடு மட்டும் பொருத்திப் பேசுகின்றனர். கண்ணின் ஒளி, இதழின் நெகிழ்ச்சி, ஒரு நொடியில் தோன்றி மறையும் உள்ளக் குறிப்பு ஆகியவற்றைப் பிடித்துக் காட்டுவதே உருவப்படம் என்பது அவர்தம் துணிபு. அமைப்பு, அதாவது படச் சட்டத்தின் நான்கு எல்லைக்குள் எதனை எங்கே நிறுத்துவது, எதனை விலக்குவது என்னும் முடிவு, அவர்களுக்கு அழகுபடுத்தும் வேலையாகவே தோன்றுகிறது. யாப்பினை வெறும் ஓசை ஒழுங்கு என்று கருதுவோரும் இவ்வாறே பேசக் கேட்டிருக்கின்றோம். இக்கருத்துப் பொருந்தாது, படத்திலுள்ளவரைப் பற்றிக் கலைஞன் கொண்ட முடிவு அமைப்பின் வழியாகவே பெரிதும் வெளிப்படுகிறது. இதனை அமெரிக்க நிழற்படக் கலைஞர் ஆர்னால்டு நியூமன் (1918-2006) எடுத்த இரு படங்களைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

ஆராய்ச்சிக்கு வேண்டிய கருவி நம் பொருளிலக்கணத்திலேயே கிடைக்கின்றது. அகப்பாட்டின் பொருளை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்த தொல்காப்பியம், அவை ஒன்றினொன்று சிறக்கும் முறையையும் குறித்துள்ளது. நிலமும் பொழுதும் முதல். அந்நிலத்திற்கு உரிய உயிரும் பொருளும் தொழிலும் கரு. பாடலின் உயிராகிய ஒழுக்கம் உரி. தொல்காப்பியர் நிழற்படத்தையும் முன்னரே அறிந்திருந்தார் என நிறுவப் புகுவோர் கூட்டத்தில் நாம் சேரவில்லை. பாட்டுக்கென வகுத்த பாகுபாட்டை மற்றொரு கலையின்மேல் வைத்துப் பார்க்கின்றோம், அவ்வளவே.

கருப்பொருள் இருந்தும் பயன்படாமற்போதல் உண்டு. பாரிசு நகரத்து டிஸ்டேரி 1854-இல் சிற்றட்டைப் படங்களுக்குக் காப்புரிமை பெற்றபின் உருவப்படம் எடுக்கும் தொழில் உலகெங்கும் பெருகிற்று. தூண், மடிந்து தொங்கும் திரை, சிறு மேசை, பூச்சாடி ஆகியவை படப்பிடிப்பு நிலையங்களின் நிலையான உடைமைகள் ஆயின. தமிழ்நாட்டு நகரங்களிலும் மாளிகையும் சோலையும் தீட்டிய திரைகள் நெடுங்காலம் தொங்கின. வழக்கறிஞர், வணிகர், புதுமணமக்கள் யாவரும் அதே தூணருகில் நின்றனர். எல்லார்க்கும் பொதுவான தூண் எவருடைய இயல்பையும் கூறமாட்டாது. நியூமனின் தொழில் வாழ்க்கையும் எளிய இடத்திலேயே தொடங்கிற்று. ஓவியக் கல்வியைப் பணமின்மையால் இடையில் விட்ட அவர், 1938-இல் பிலடெல்பியாவில் 49 சென்டுக்கு ஒரு படம் எடுக்கும் நிலையத்தில் வேலைக்கு அமர்ந்தார். பின்னர் அவர் ஒவ்வொருவரையும் அவரவர்க்கு உரிய சூழலில் வைத்துப் படமெடுத்ததற்கு அவ்வேலையில் பெற்ற சலிப்பும் ஒரு காரணமாதல் கூடும் என்று ஊகிக்கின்றோம்.

முதற்படம் இசைமேதை இகோர் ஸ்டிராவின்ஸ்கியினுடையது. 1946-இல் நியூயார்க்கில் எடுக்கப்பட்டது. கிடையாக நீண்ட அச்சட்டத்தின் பெரும்பகுதியைத் தூக்கி நிறுத்திய பியானோ மூடியே அடைத்துக்கொண்டுள்ளது. வெளிறிய சுவரின்மேல் அது கரிய பெருவடிவாய் நிற்கின்றது. ஸ்டிராவின்ஸ்கியோ இடப்பக்கத்துக் கீழ்மூலையில், பியானோவின்மேல் முழங்கையை ஊன்றித் தலையைக் கையில் தாங்கியவராய் இருக்கின்றார். படத்தின் பரப்பில் அவருக்குக் கிடைத்தது மிகச் சிறு பங்கு. உருவப்படத்தில் உருவத்துக்கு உரியவரை மூலையில் ஒதுக்குவதா என்று விதிநூல் கற்றோர் வினவலாம். ஆயினும் பார்ப்பவர் கண் அம்மூலையை விட்டு நெடுநேரம் நீங்குவதில்லை. மூடியைத் தாங்கும் கோல் ஆக்கும் கோணத்தை மடிந்த முழங்கை மீண்டும் சிறிதாக வரைகின்றது. கரிய வடிவின் வளைவு கீழ்நோக்கி இறங்குந்தோறும் பார்வையும் அவர்பால் இறங்குகின்றது.

இவ்வமைப்பின் பொருள் யாது? மேலையிசையில் ஒரு சுரத்தை அரைப்படி தாழ்த்துவதற்கு இடும் குறியின் வடிவத்தை அம்மூடி ஒத்திருக்கின்றது. அதன் கடுமையும் நேர்மையும் அழகும் ஸ்டிராவின்ஸ்கியின் இசைக்கு ஒப்பாகும் எனத் தாம் கருதியதை நியூமனே கூறியுள்ளார். கருப்பொருள்களுள் யாழும் எண்ணப்பட்டிருத்தலை இங்கு நினைவுகூரலாம். கருப்பொருளை நிலைக்களனாகக் கொண்டு, உவம உருபு யாதுமின்றி, கூறாத பொருளைக் கூறியது போல் உணர்த்துவதை உள்ளுறை என்றனர் நம் முன்னோர். இப்படத்தில் பியானோ அத்தொழிலையே செய்கின்றது. பியானோவைக் கையால் மறைத்துவிட்டுப் பாருங்கள். சிந்தனையில் ஆழ்ந்த முதியவர் ஒருவர் எஞ்சுவார். அவர் ஒரு பேராசிரியராகவும் இருக்கலாம், வங்கி முதல்வராகவும் இருக்கலாம். முகத்தை மறைத்தாலோ, எடுப்பான ஒரு கரிய கோலம் எஞ்சும். அது ஒருவரையும் குறியாது.

மற்றொன்றும் கருதத்தக்கது. நாம் அறிந்த வடிவம் காமிராவில் பதிந்த முழுப்படம் அன்று. நெகடிவில் அறையும் பியானோவும் இன்னும் விரிந்து கிடந்தன. அவற்றை நியூமன் பெரும்பகுதி வெட்டி நீக்கினார். ஆகவே கலைஞனின் முடிவு படம் பிடித்த நொடியோடு முடிந்துவிடவில்லை. பின்னர் மேசையின்மேல் வைத்துச் சுருக்கியபோதே நிறைவுற்றது. இப்படத்தை எடுக்கப் பணித்த ‘ஹார்ப்பர்ஸ் பஜார்’ இதழ் இதனை ஏற்கவில்லை என்பது வியப்பன்று. இன்று அவர் எடுத்தவற்றுள் மிகுதியும் பேசப்படுவது இதுவே.

இங்கு ஒரு தடை எழும். யூசுப் கார்ஷ் 1941 டிசம்பரில் ஒட்டாவாவில் எடுத்த சர்ச்சிலின் படத்தில் சூழலென்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. வாயிலிருந்த சுருட்டைக் கலைஞர் திடுமெனப் பறித்தபோது எழுந்த சினமே படமாயிற்று. அங்கு முகமே எல்லாம் அன்றோ எனலாம். ஒப்புக்கொள்கின்றோம். முதலும் கருவும் இன்றி உரி மட்டும் அமைந்த பாடல்களும் உண்டு. அவை குறையுடையன ஆகா. ஆனால் சூழலை நீக்குதலும் அமைப்பே என்பதை மறத்தல் ஆகாது. ரிச்சர்டு அவெடன் 1979 முதல் 1984 வரை அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் சுரங்கத் தொழிலாளரையும் நாடோடிகளையும் பிறரையும் வெள்ளைத் தாளின் முன் நிறுத்திப் படமெடுத்தார். 1985-இல் வெளியான நூலுக்கு ‘அமெரிக்க மேற்கில்’ என்று பெயர். நூலினுள் அம்மேற்கின் மலையோ மணலோ ஒன்றும் இல்லை; படத்தினின்றும் நீக்கிய நிலம் நூற்பெயருக்கும், தொழிலும் ஊரும் நாளும் சுட்டும் அடிக்குறிப்புக்கும் குடிபெயர்ந்துவிட்டது. அகப்பாட்டின்கீழ் நிற்கும் கூற்றுக் குறிப்பைப் படியாமல் அப்பாட்டின் பொருளை வரையறுத்தல் எத்துணை அரிதோ, அத்துணை அரிது இப்படங்களை அடிக்குறிப்பின்றி உணர்தல்.

இனி இரண்டாம் படம். ஜெர்மானியத் தொழிலதிபர் ஆல்பிரீட் குருப், போர்க்காலத்தில் மக்களை அடிமைகளாக வேலை வாங்கியதற்காகவும் பிற நாட்டு உடைமைகளைக் கொள்ளையிட்டதற்காகவும் 1948-இல் நியூரம்பர்க்கில் 12 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றவர்; 1951-இல் விடுதலையாகிச் செல்வத்தையும் மீளப் பெற்றவர். ‘நியூஸ்வீக்’ இதழுக்காக 1963-இல் எசன் நகரில் இவரைப் படமெடுக்கும் பணி யூதராகிய நியூமனிடம் வந்தது. முதலில் அவர் தயங்கினார். அவர் எடுத்த வண்ணப்படத்தில் குருப் உயர்ந்த மேடையொன்றில், இருபுறத் தூண்களுக்கு நடுவில், கோத்த கைகளின்மேல் மோவாயை வைத்து முன்சாய்ந்து நம்மை நோக்குகின்றார். பின்னே அவருடைய தொழிற்கூடம் ஆழ்ந்து செல்கின்றது. இருபக்கத்தினின்றும் தாழ்வாக வைத்த விளக்குகள் முகத்தைப் பேயுருவாக்குகின்றன. பச்சை படர்ந்த நிறமும் அதற்குத் துணைநிற்கின்றது.

இப்படத்தைப் போற்றுவோர் அனைவரும் விளக்கையே போற்றுகின்றனர். நாம் அதற்கு உடன்படவில்லை. கீழிருந்து விழும் ஒளி எந்த முகத்தையும் கொடியதாக்கும். நாடக மேடையில் வஞ்சகனுக்கு இடும் ஒளி அது. குற்றமற்றவர் ஒருவரை அங்கு இருத்தினாலும் அவ்விளக்கு அதையே சொல்லியிருக்கும். ஆகவே அது சான்று அன்று, வசைச்சொல்லே. டிஸ்டேரி காலத்துத் தூணைப்போல் எவர்க்கும் பொருந்துவது. அமைப்போ குருப்புக்கு மட்டுமே உரியது. உயர்ந்த இருக்கையும், அதற்குக் கீழே விரியும் வேலைக்களமும், அக்களத்தின் முழுப்பரப்பையும் மறைத்து முன்னால் வரும் ஒற்றை உருவும் அவருடைய வாழ்க்கையினின்றும் எடுக்கப்பட்டவை. தொழிற்கூடத்தை முதுகுக்குப் பின்னால் விட்டு முகமலர்ச்சியோடு வீற்றிருக்கும் முதலாளிகளின் படங்கள் நிறுவன ஆண்டு மலர்களில் நிரம்ப உள. அவற்றிற் பெருமிதமாகும் அதே அடுக்குமுறை, இங்கு வழக்குமன்றத்தில் எழுந்த குற்றச்சாட்டாகின்றது. அதற்கு வேண்டியதெல்லாம் அவரை இன்னும் சிறிது முன்னே வரச்செய்து, தூண்களிரண்டையும் உள்ளே நெருக்கி வைத்ததே. சாய்வான பகலொளி மட்டும் அங்கு விழுந்திருப்பின் இப்படம் இவ்வளவு புகழ் பெற்றிராது. பார்ப்பவர் குருப்பினைப் பற்றித் தாமே ஒரு முடிவுக்கு வந்திருப்பர். ஸ்டிராவின்ஸ்கியின் படத்தில் நியூமன் பார்ப்பவர்மேல் வைத்த அந்நம்பிக்கையை இங்கு வைக்கவில்லை. அவர் யூதர் என்பதையும், படத்தில் இருந்தவர் இன்னார் என்பதையும் எண்ணும்போது, அவ்வாறு வைக்காததற்காக அவரைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. ஆயினும் இரண்டனுள் சிறந்த படம் எது என்னும் வினாவிற்கு முந்தைய படத்தையே சுட்டுகின்றோம்.