நடுச்சுவர்: எபேசியர் 2:14-ம் வடக்கன்குளமும்

"சாதி சமூக விஷயம், விசுவாசத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை." சபைக்குள்ள இந்த வாதத்தைக் கேட்காத தமிழ்க் கிறிஸ்தவர் இருக்க மாட்டார். தீர்த்தமலையிலிருந்து எழுதும் எனக்கும் பழகின வாதம்தான். பவுல் சொன்னதையே வேதத்தில் தேடிச் சரிபார்த்த பெரோயா ஊர்க்காரர்களை அப்போஸ்தலர் 17:11 பாராட்டுகிறது. அதே வழியில் இந்த வாதத்தையும் சோதித்துப் பார்ப்போம்.

முதலில் நடந்த கதை. திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளம் கத்தோலிக்கத் திருத்தலம். 1870-களில் அங்கே எழுந்த கோவில் கால்சட்டை மாதிரி இரண்டு கிளையாகப் பிரிந்திருந்தது. ஒன்றில் வெள்ளாளர் தரப்பு, இன்னொன்றில் நாடார்கள். இரண்டும் சேரும் இடத்தில் ஒரே பலிபீடம். 1910-இல் கௌசானல் அடிகளார் காலத்தில் தடுப்பு இடிக்கப்பட்டது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. சாதிக்குத் தனி இடம் கேட்க உரிமை இல்லை என்றுதான் முடிந்தது.

புராட்டஸ்டண்ட் பக்கமும் இதே சண்டைதான். 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று உத்தரவிட்டார். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் போன்றவர்கள் எதிர்த்தார்கள். சாதி ஆசாரம் உலக வழக்கம், மதக் கொள்கை அல்ல என்பதே அவர்கள் நிலை.

இப்போ வேதம்.

1) எபேசியர் 2:14. கிறிஸ்து நடுவில் இருந்த பிரிவினைச் சுவரை உடைத்தார் என்கிறது. இது வெறும் உவமை இல்லை. எருசலேம் தேவாலயத்தில் அந்நியரைத் தடுக்கும் தடுப்பு ஒன்று நிஜமாகவே இருந்தது. தாண்டினால் மரணம் என்று கிரேக்கத்தில் எச்சரிக்கும் கல்லை 1871-இல் கிளெர்மோன்-கன்னோ கண்டெடுத்தார். அப்போஸ்தலர் 21:29-ஐப் பாருங்க: எபேசு ஊர் துரோப்பீமுவைப் பவுல் உள்ளே கூட்டி வந்துவிட்டார் என்று நினைத்துத்தான் கலவரமே வருகிறது. எருசலேமில் அந்தக் கல் வெளியே வந்த அதே பத்தாண்டில் நம்மூரில் ஒரு கோவிலை இரண்டாகப் பிரித்துக் கட்டியிருக்கிறார்கள்!

2) யாக்கோபு 2:1-9. சபையில் யாரை எங்கே உட்கார வைப்பது என்பதுதான் அங்கே பேச்சு. பாரபட்சம் பார்ப்பதைப் பாவம் என்றே சொல்கிறது.

3) கலாத்தியர் 2:11-14. "சமூக வழக்கம்தானே" என்ற வாதம் உடைகிற இடம் இதுதான். அந்தியோகியாவில் பேதுரு எந்த உபதேசத்தையும் மாற்றவில்லை. புறஜாதியாரோடு சாப்பிடுவதைத்தான் நிறுத்தினார். பவுல் அதைப் பழக்கவழக்கம் என்று விடவில்லை, சுவிசேஷத்துக்குச் சரியாக நடக்கவில்லை என்று எல்லார் முன்னாலும் கண்டித்தார். பந்தியில் பிரிவது பவுலுக்கு சுவிசேஷப் பிரச்சினை.

எதிர்த்தரப்புக்கும் வசனம் உண்டு. 1 கொரிந்தியர் 9:20-இல் யூதருக்கு யூதனைப் போலானேன் என்கிறாரே பவுல்? உண்மைதான். ஆனா அங்கே அவர் விட்டுக்கொடுப்பது தன் உரிமையை. அடுத்தவன் உட்காரும் இடத்தை அல்ல. 1 கொரிந்தியர் 7:20-ஐக் காட்டி "அவனவன் நிலையிலேயே இருக்கட்டும்" என்பவர்கள், அடிமை விடுதலை பெற முடிந்தால் பெறட்டும் என்கிற அடுத்த வசனத்தையும் சேர்த்துப் படிக்கணும்.

ஆக, எழுதியிருக்கும் கொள்கையில் பிழை இல்லை. எந்தச் சபையின் விசுவாசப் பிரமாணத்திலும் சாதி கிடையாது. நடைமுறையில்தான் பக். கொள்கையை மட்டும் படித்துவிட்டு "எல்லாம் சரி" என்று சொல்வதில் பயனில்லை. பந்தி, கல்யாணம், கல்லறை மூன்றையும் சோதிக்கணும்.

இது பழங்கதையும் இல்லை. 2008 மார்ச்சில் எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்ட விவகாரம் கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 2 பேர் இறந்தார்கள். தனிப் பங்கு கேட்டதைப் பிரிவினை என்று சொன்னவர்கள் உண்டு. அவர்களைப் பிரித்தே வைத்தவர்கள் யார் என்பதை அல்லவா முதலில் கேட்கணும்?

அடுத்த ஞாயிறு உங்கள் சபையின் கல்யாண விளம்பரங்களைப் படியுங்க. "கிறிஸ்தவ" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் என்ன சொல் இருக்கிறது? அதுக்கு ஒரு வசனம் காட்டச் சொல்லிப் பாருங்க.