திறந்த நிரலும் மூடாத ஏடும்: ஈச்சிலம்பற்றிலிருந்து ஒரு நோக்கு

ஒரு சமுதாயத்தில் புதியதொரு கருவி புகும்போது, அதுபற்றிய வாதங்களும் உடன் புகுந்துவிடுகின்றன. அவ்வாதங்களைத் தொடங்குவோர் பெரும்பாலும் அக்கருவியை ஆக்குவோரும் விற்போருமேயாவர். அக்கருவியினாலே எண்ணப்படுவோர், பதியப்படுவோர் ஆகியோரின் குரல் அவற்றிற் கேட்பது அரிது. கட்டற்ற மென்பொருள் பற்றி இலங்கையில் நிகழ்ந்துவரும் வாதங்களும் இப்பொதுவிதிக்கு விலக்கானவையல்ல. தலைநகர்க் கருத்தரங்குகளில் அவை விலை பற்றிய வாதங்களாகவும், பாதுகாப்புப் பற்றிய வாதங்களாகவும், நாட்டின் மென்பொருட் கைத்தொழிலின் வளர்ச்சி பற்றிய வாதங்களாகவும் அமைகின்றன. அவற்றையே திருகோணமலை மாவட்டத்தின் தென்கோடியிலுள்ள ஈச்சிலம்பற்றில் நின்று நோக்குமிடத்து, வினாவின் வடிவமே வேறாகிவிடுகின்றது. அவ்வேறுபாட்டை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் சொற்பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்ளுதல் வேண்டும். 1983 ஆம் ஆண்டிலே றிச்சட் ஸ்டோல்மன் என்னும் அமெரிக்க நிரலாளர் ‘குனு’ திட்டத்தை அறிவித்தார். மென்பொருளைப் பயன்படுத்தவும், அதன் மூலநிரலைக் கற்கவும், திருத்தவும், பிறர்க்குப் படியெடுத்து வழங்கவும் பயனாளருக்கு உரிமை உண்டு என்பது அவரது கொள்கை. 1991 இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் கருனி அக்கொள்கைக்கு நடைமுறை வலுவூட்டிற்று. 1998 இல் இவ்வியக்கத்தின் ஒரு சாரார் ‘திறந்த மூலம்’ என்னும் புதுப்பெயரை முன்வைத்தனர். வணிக நிறுவனங்கள் உரிமை என்னும் சொல்லைக் கேட்டு மருளாதிருக்க வேண்டும் என்பதே அப்பெயர் மாற்றத்தின் உள்நோக்கங்களுள் ஒன்று. ஒரு சாரார் அறத்தைப் பேச, மறுசாரார் செயற்றிறனைப் பேசினர். அப்பிளவு இன்றுவரை தீரவில்லை.

இப்பிளவுக்கு ஆங்கில மொழியும் ஓரளவு காரணமாயிற்று. ‘ஃபிரீ’ என்னும் ஒரே சொல் அம்மொழியில் விலையின்மையையும் விடுதலையையும் ஒருங்கே சுட்டும். தமிழுக்கு அவ்விடர்ப்பாடு இல்லை; ‘இலவசம்’ வேறு, ‘கட்டற்றது’ வேறு. ஆயினும், மொழி அளித்த இத்தெளிவை நமது வாதங்கள் பயன்படுத்திக்கொண்டன எனல் இயலாது. கட்டற்ற மென்பொருளை ஏற்க வேண்டும் என்போருட் பலர் அதன் விலையின்மையையே முதற்காரணமாகக் காட்டுகின்றனர். இலவசமாகக் கிடைப்பதற்கு எசமான் இருக்கலாம்; கட்டற்றதற்கு எசமான் இல்லை. இவ்வேறுபாடு தத்துவ நுணுக்கம் மாத்திரமன்று என்பதை 2004 ஆம் ஆண்டின் கடற்கோள் புலப்படுத்திற்று.

அவ்வாண்டு மார்கழி 26 ஆம் நாள் இலங்கையிலே 30,000 க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இலட்சக்கணக்கானோர் வீடிழந்தனர். எவர் எம்முகாமில் உள்ளார், எவரைக் காணவில்லை, எந்நிறுவனம் எவ்விடத்தில் உதவுகிறது என்னும் வினாக்களுக்கு விடைகூறத்தக்க ஒழுங்கு எதுவும் அப்போது இருக்கவில்லை. அந்நிலையில் இலங்கையின் கணினித் துறையைச் சார்ந்த தொண்டர்கள், லங்கா சொப்ட்வெயார் பவுண்டேஷன் என்னும் அமைப்பின் துணையோடு, சில நாள்களுக்குள் ஒரு மென்பொருளை ஆக்கினர். ‘சஹன’ என்பது அதன் பெயர். நிவாரணம் என்பது அச்சிங்களச் சொல்லின் பொருள். காணாமற்போனோர் பதிவு, முகாம்களின் பதிவு, நிறுவனங்களின் பதிவு, தேவைகளின் பதிவு என்பன அதன் முதன்மைப் பகுதிகளாயின. கடற்கோளுக்குப் பின் அரசு அமைத்த தேசிய செயற்பாட்டு நிலையமும் அதனைப் பயன்படுத்திற்று.

சஹனவின் மூலநிரல் யாவர்க்கும் திறந்துவிடப்பட்டது. அதனால் விளைந்த பயன் சிறியதன்று. 2005 இல் பாகிஸ்தானின் நிலநடுக்கத்தின்போதும், 2006 இல் பிலிப்பைன்சின் மண்சரிவின்போதும், அதே ஆண்டில் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நிலநடுக்கத்தின்போதும், 2010 இல் ஹெயிட்டியிலும் அது பயன்பட்டது. சமூக நலத்திட்டங்களுக்கான 2006 ஆம் ஆண்டு விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை இதற்கு வழங்கிற்று. செல்வ நாடுகள் ஆக்குவதும் வறிய நாடுகள் வாங்குவதுமே தொழில்நுட்பத்தின் இயல்பு என்னும் எண்ணத்தை ஒரு சிறு தீவின் தொண்டர்கள் பொய்யாக்கினர். திறந்த மூலத்துக்காக வாதிடுவோர் சஹனவை எடுத்துக்காட்டுவது முற்றிலும் நியாயமானதே. ஆனால் அவ்வெடுத்துக்காட்டு வழக்கமாக இவ்விடத்திலேயே நின்றுவிடுகின்றது. நிரல் எவர்க்காக எழுதப்பட்டதோ அவரிடம் வாதம் சென்றடைவதில்லை.

இவ்விடத்தே ஈச்சிலம்பற்று நினைவிற் கொள்ளத்தக்கது. கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, வெருகலாற்றை அண்டி, கடலுக்கும் வயலுக்கும் இடைப்பட்டு அமைந்த பிரதேசம் அது. பாலங்கள் அமையுமுன்பு திருகோணமலையிலிருந்து அவ்வழிச் செல்வோர் பல துறைகளில் ஓடமேற வேண்டியிருந்தது. 2004 இற் கடற்கோள் அக்கரையையும் தாக்கியபோது, அப்பிரதேசம் அரசின் கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்தது. ஆண்டிரண்டு கழியுமுன் போர் மூண்டது. 2006 ஆம் ஆண்டில் மாவிலாற்று மதகை ஒட்டி எழுந்த மோதல்களின் பின்னர் ஈச்சிலம்பற்று மக்கள் வாகரைக்கும், அங்கிருந்து மட்டக்களப்பு முகாம்களுக்கும் இடம்பெயர்ந்தனர். 2007 இலேயே மீள்குடியேற்றம் தொடங்கிற்று. கடற்கோளுக்கு ஒரு பட்டியல், போருக்கு ஒரு பட்டியல், மீள்குடியேற்றத்துக்கு ஒரு பட்டியல் என மூன்றாண்டுக்குள் பலமுறை பெயர் கொடுத்தவர்கள் இம்மக்கள்.

பட்டியலிடுதல் இம்மாவட்டத்துக்குப் புதிய வழக்கமன்று. கவிராசவரோதயன் இயற்றியதாகக் கூறப்படும் கோணேசர் கல்வெட்டு, பெயரளவிற் கல்வெட்டாயினும், செய்யுளும் உரைநடையும் விரவிய நூலாகும். தானத்தார், வரிப்பற்றார் முதலியோர் கோயிலுக்குச் செய்யவேண்டிய தொழும்புகளை அது வகுத்துரைக்கின்றது. இன்னார்க்கு இன்ன கடமை என்பதை ஒளிவுமறைவின்றிக் கூறிய வகையில் அது திறந்த ஏடே. ஆனால் அதிற் பெயர் சுட்டப்பட்டோர், தம்மை எவ்வாறு வகுப்பது என்பதிற் கருத்துக் கூறும் நிலையில் இருந்தவரல்லர். ஏடு திறந்திருத்தல் ஒன்று. ஏட்டில் உள்ளவர்க்கு உரிமை இருத்தல் மற்றொன்று. நூற்றாண்டுகள் கழிந்தும், ஓலை போய்க் கணினி வந்தும், அவ்வேறுபாடு அகன்றதாகத் தெரியவில்லை.

திறந்த மூலநிரலால் இம்மக்கள் அடையக்கூடிய முதற்பயன் யாதெனில், அவர்தம் பெயர் அவர்தம் பெயராகவே பதியப்படுதலாம். மேனாட்டு மென்பொருட் படிவங்கள் முதற்பெயர், குடும்பப்பெயர் என இரு கட்டங்களை வகுக்கின்றன. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னிட்டு எழுதும் தமிழ் மரபுக்கு அது பொருந்தாது. தந்தையின் பெயர் குடும்பப்பெயராகிவிடின், ஒரே வீட்டில் வாழும் பாட்டனும் மகனும் பேரனும் மூன்று குடும்பத்தினராய்த் தோன்றுவர். ஒலி ஒத்த பெயர்களை இணைத்துத் தேடுவதற்கு உலகெங்கும் வழங்கும் சவுண்டெக்ஸ் முறை, 1918 இல் அமெரிக்காவிற் காப்புரிமை பெற்றது; ஆங்கில ஒலிப்பை அடியொற்றியது. ‘ஞானமுத்து’ என்னும் பெயரை ஓர் எழுதுநர் ஆங்கிலத்தில் ‘ஜி’ என்னும் எழுத்தாலும் மற்றொருவர் ‘என்’ என்னும் எழுத்தாலும் தொடங்கினால், முதலெழுத்தை மாறாது கொள்ளும் அம்முறை அவ்விருவரையும் வெவ்வேறு ஆட்களாகவே கருதும். பாமினி முதலிய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட பட்டியல்களோ ஒருங்குறித் தேடலுக்கு அகப்படுவதில்லை. காணாமற்போன மகனைத் தேடும் தாய்க்கு இவை எழுத்திலக்கணப் பிரச்சினைகளல்ல. மூடிய மென்பொருளில் இக்குறைகளைக் களைய விற்பவரின் இசைவை வேண்டி நிற்க வேண்டும். கட்டற்ற மென்பொருளிலோ திருகோணமலையில் வாழும் ஒரு மாணவனும் அதனைத் திருத்தலாம். கட்டற்ற மென்பொருளின் மெய்யான பெறுமானம் விலையின்மையில் இன்றி இவ்வுரிமையிலேயே தங்கியுள்ளது.

இதற்கு எதிராகக் கூறப்படும் கருத்தொன்று புறக்கணிக்கத்தக்கதன்று. உரிமை இருந்தால் மட்டும் போதுமா, திருத்தும் கைகள் எங்கே என்பர் எதிர்வாதிகள். தொண்டர் ஆர்வம் பேரழிவின் சூட்டிற் பொங்கி, ஆறியதும் அடங்குவது என்பதும் உண்மையே. 2009 இல் சஹனவின் பொறுப்பை ஏற்ற அறக்கட்டளை அமெரிக்காவிலே நிறுவப்பட்டது. இதனை ஓர் இழப்பெனக் கருதுவோர் உளர். ஆனால் நிரல் எந்நாட்டில் பேணப்படுகின்றது என்பது கட்டற்ற மென்பொருளைப் பொறுத்தவரை இரண்டாவது வினாவே. அதனைப் படித்து மாற்றத்தக்கோர் உள்நாட்டில், உள்ளூரில், உள்ளூர் மொழியில் உருவாக்கப்பட்டனரா என்பதே முதல் வினா. அதற்கு விடை கூறவேண்டியவை பாடசாலைகளும் பல்கலைக்கழகங்களுமேயன்றி மென்பொருளன்று. உரிமையைப் பயன்படுத்தாமை உரிமை தீதென்பதற்குச் சான்றாகாது.

இனி, வாதத்தின் மறுபக்கத்தை நோக்குதல் வேண்டும். திறந்தமையைப் போற்றுவோர் சிலர் அதனை எல்லாவற்றுக்கும் பொதுவான அறமாக்கிவிடுகின்றனர். நிரல் திறந்திருப்பது போலத் தரவும் திறந்திருக்க வேண்டும் என்பது அவர் முழக்கம். வரவுசெலவுத் திட்டம், மழைவீழ்ச்சி, வீதி வரைபடம் ஆகியவற்றுக்கு அது சாலப் பொருந்தும். இடம்பெயர்ந்தோரின் பெயர்ப் பட்டியலுக்கு அது பொருந்துமா? கடற்கோளில் மகனைத் தேடும் தாய்க்குப் பட்டியல் பலர் பார்வைக்கு வருதல் நன்மை பயக்கும். போரில் அதே மகனின் பெயரும், வயதும், முகாமும், சொந்த ஊரும் எவரும் காணக் கிடப்பின், அது அவன் உயிருக்கே உலையாகலாம். பட்டியல் ஒன்றே, காலம் மாறியபோது அதன் பொருள் தலைகீழாயிற்று. ஈச்சிலம்பற்று மக்கள் இவ்விரு காலங்களையும் இரண்டே ஆண்டு இடைவெளியிற் கண்டவர்கள். ஆகவே திறந்தமை பற்றிய எந்தக் கோட்பாடும் அவர்கள் முன்னிலையில் உரைத்துப் பார்க்கப்படுதல் தகும்.

எதிர்முகாமினரோ வேறொரு மயக்கத்துக்கு ஆளாயினர். நிரல் வெளிப்பட்டால் பாதுகாப்புக் குலையும் என்பது அவர் அச்சம். 1883 இலேயே ஓகுஸ்த் கெர்க்கோவ்ஸ் என்னும் மறையெழுத்து அறிஞர் இதற்கு விடை பகர்ந்துள்ளார். ஒரு முறைமை பகைவர் கையில் அகப்பட்டாலும் தீங்கு நேராதவாறு அமைதல் வேண்டும். இரகசியம் திறவுகோலில் இருக்க வேண்டுமேயன்றி முறைமையில் அன்று என்பது அவர் கொள்கையின் சாரம். பூட்டின் அமைப்பை ஊரார் அறிவதால் வீடு கொள்ளைபோவதில்லை. அமைப்பை எவரும் ஆராயாத பூட்டே ஐயத்துக்குரியது. எனவே ஒரு சாரார் பட்டியலையும் நிரலெனக் கருதித் திறக்க முயல, மறுசாரார் நிரலையும் பட்டியலெனக் கருதி மூட முயல்கின்றனர். இரு சாராரும் ஒரே தவற்றை இரு முனைகளிலிருந்து செய்கின்றனர் எனலாம்.

இத்தவறு சட்டத்திலும் பிரதிபலிப்பதைக் காணலாம். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரலுக்குப் பதிப்புரிமைப் பாதுகாப்பு அளித்தது. ஆக்கியோன் இறந்த பின்னரும் 70 ஆண்டு அவ்வுரிமை நிலைக்கும். 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம், அனுமதியின்றிக் கணினியுட் புகுவாரைத் தண்டித்தது. ஆனால் கணினியினுள் எவர் பெயர் கிடக்கின்றதோ அவருக்கெனத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது 2022 ஆம் ஆண்டிலேயே. அதன் முதன்மைப் பிரிவுகள் நடைமுறைக்கு வரும் நாளும் பின்னர் தள்ளிவைக்கப்பட்டது. நாட்டுப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு முதலிய காரணங்களுக்காக விலக்களிக்கவும் அதில் இடமுண்டு. நிரலின் உடைமையாளர் காப்புப் பெற்றுப் பத்தொன்பது ஆண்டு கழிந்த பின்னரே பட்டியலில் உள்ள மனிதரைப் பற்றிச் சட்டம் பேசத் தொடங்கிற்று. அவ்விடைவெளிக்குள்ளேதான் கடற்கோளும், போரும், முகாம்களும், மீள்குடியேற்றமும் நிகழ்ந்து முடிந்தன.

2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை இப்பின்னணியில் வைத்து நோக்குதல் பயனுடைத்து. ஐவர் அடங்கிய ஆணைக்குழுவொன்றை நிறுவி, இணையத்திற் பொய்க்கூற்றுகளைப் பரப்புவதை அது குற்றமாக்கியது. பேச்சுரிமைக்கு அது விளைக்கும் ஊறு பற்றி எழுந்த கண்டனங்கள் நியாயமானவை. எனினும் மற்றொன்றும் கருதத்தக்கது. பெயரிற் காப்பு என்னும் சொல்லைத் தாங்கிய சட்டம், குடிமகன் என்ன பேசுகின்றான் என்பதில் இத்துணை விரைவு காட்டுகின்றது. குடிமகனைப் பற்றி என்ன எழுதி வைக்கப்பட்டுள்ளது என்பதைக் கவனிக்க வேண்டிய சட்டமோ ஆண்டுக்கணக்கிற் காத்துக் கிடந்தது. அரசு எதனை ஆபத்தெனக் கருதுகின்றது என்பதற்கு இவ்வேக வேறுபாட்டினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மேற்கூறியவற்றால் ஒன்று புலனாகும். கட்டற்ற மென்பொருள் பற்றிய வாதத்தில் திறப்பதா மூடுவதா என்பதன்று வினா; எதைத் திறப்பது, எவருடையதை மூடுவது, அதனை முடிவுசெய்வோர் யார் என்பனவே வினாக்கள். பொதுமக்களைப் பதியும் நிரல் பொதுமக்களின் பார்வைக்குத் திறந்திருத்தல் வேண்டும். அதன் படிவங்கள் அம்மக்களின் மொழிக்கும் பெயர்மரபுக்கும் இயைந்திருத்தல் வேண்டும். நிரப்பிய படிவமோ அதற்குரியவரின் உடைமையாக மூடியிருத்தல் வேண்டும்; எவர் அதனைப் பார்த்தார், எதற்காகப் பார்த்தார் என்பதை அவர் கேட்டறியும் உரிமையும் வேண்டும். தேவை முடிந்த பின் அப்பட்டியல் அழிக்கப்படுதல் வேண்டும். இவற்றுள் முதலதைச் சஹன நிறைவேற்றிக் காட்டியது. எஞ்சியவற்றை எந்நிரலும் தானாக நிறைவேற்றாது. அவை மனிதர் கேட்டுப் பெறவேண்டியவை.

வெருகலாற்றங்கரையில் ஒரு முதியவள் மீண்டுமொருமுறை நிவாரண மேசையின் முன் நின்று பெயர் சொல்ல நேரிடலாம். எழுதுபவர் கையில் ஏடு இருக்கும், அல்லது திரை இருக்கும். அத்திரையின் நிரலை உலகமெல்லாம் படிக்கலாம் என்பது பெருமைக்குரியதே. அத்திரையில் தன் பெயர் எவ்வாறு எழுதப்பட்டது, எங்கே செல்கின்றது என்று அம்முதியவள் தமிழிற் கேட்டு விடை பெறும் நாளிலேயே அப்பெருமை முழுமை பெறும்.