உடைக்காமல் கழற்ற ஒரு கருவி: பழைய பென்ட்ரியில் மல்டிட்டூல்

கேகாலையின் ஈரத்தில் பென்ட்ரி கபட் பழுதாவது எப்போதும் சிங்க்குக்கு அடியில்தான் தொடங்கும். குழாய் மூட்டில் கசியும் சொட்டு, சுவரில் ஏறும் ஓதம், நாட்கணக்கில் விடாத மழை எல்லாம் சேர்ந்தால் மெலமைன் பலகை ஊறிய ரஸ்க் மாதிரி உப்பி, ஆணி பிடிக்க இடமில்லாமல் போகும். அதே கபட்டின் கதவுகள் பலாப் பலகையாலோ பதப்படுத்திய இறப்பர் மரத்தாலோ செய்தவையாக இருந்தால் இன்னும் பல வருடம் உழைக்கும். மேலே கிடக்கும் கறுப்புக் கிரானைட்டுக்கு ஒன்றும் ஆகியிராது. சில்வர் சிங்க்கும் அப்படித்தான். ஆனால் கழற்ற வருகிற மேசன் பாஸ் பெரும்பாலும் அலவாங்கும் பெரிய சுத்தியலும்தான் கொண்டுவருவார். அரை நாளில் வேலை முடிந்துவிடும். நல்லதும் கெட்டதும் ஒரே குவியலாக வாசலில் கிடக்கும்.

நாள் கூலிக்கு வருகிறவருக்கு வேகம்தான் முக்கியம், அதில் தவறில்லை. ஆனால் 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு ஒரு சிங்க் வாங்கப் போனாலே விலை கேட்டுத் திரும்பி வருகிற நிலையில், நல்ல சாமானை உடைத்து எறிய எனக்கு மனம் ஒப்பவில்லை. அதனால் கேகாலை நகரை ஒட்டிய அக்கா வீட்டுப் பென்ட்ரியை நாங்களே கழற்றுவது என்று முடிவு செய்து, அந்த வேலைக்கு மல்டிட்டூல் எந்த அளவுக்கு உதவுகிறது என்று பார்த்தோம். கையில் இருந்தது வயர் உள்ள பொஷ் ஜிஓபி 30-28.

பெரிய டோர்ச் லைட் அளவுள்ள கருவி. எடை ஒன்றரைக் கிலோ, சக்தி 300 வாட். இதில் எதுவும் சுழலாது. அலகு இடமும் வலமும் 1.4 பாகை மட்டும் அசையும். வேகத்தை நிமிடத்துக்கு 8,000 முதல் 20,000 வரை வைத்துக்கொள்ளலாம். எட்டு சென்ரிமீற்றர் நீளமான அலகு போட்டால் அதன் நுனி நாலு மில்லிமீற்றர்தான் போய்வரும். கிரைண்டர் போல உதறித் தள்ளாது, தீப்பொறியை வாரி இறைக்காது. ஒரு மூலைக்குள், ஒரு பலகைக்கும் சுவருக்கும் நடுவில், வேண்டிய இடத்தில் மட்டும் அறுக்க முடிவது இதனால்தான்.

இந்த ஏற்பாடு தச்சு வேலைக்காகப் பிறந்ததல்ல. 1895இல் மின்சாரக் கைத்துளைக் கருவியை உருவாக்கிய ஜெர்மனியின் ஃபைன் நிறுவனம், எலும்பு முறிந்தவர்களுக்குப் போடும் பிளாஸ்டர் கட்டை அறுத்தெடுக்க 1967இல் கொண்டுவந்த ஆஸ்பத்திரி வாள்தான் இதன் மூதாதை. கட்டு இறுகியிருக்கும், அதனால் அறுபடும்; தோல் அலகோடு சேர்ந்து அசையும், அதனால் தப்பிக்கும். இதைக் கேட்டுவிட்டு மரம் அறுக்கும் அலகில் விரலை வைத்துப் பார்க்கக் கூடாது. அந்தப் பல் கூர்மையானது, வெட்டும்.

கருவியை எடுப்பதற்கு முன் செய்ய வேண்டியவை முக்கியம். காஸ் சிலிண்டரைக் கழற்றி வெளியே வைக்க வேண்டும். குசினிச் சுவரில் போகிற கரண்டை மெயினில் நிறுத்திவிட்டு, கருவிக்கு வேறு அறையிலிருந்து, ட்ரிப் சுவிட்ச் உள்ள இணைப்பில் வயர் இழுக்க வேண்டும். அடுத்தது தண்ணீர். மலைப் பக்கத்து வீடுகளில் இதை இலேசாக எடுக்கக் கூடாது. கூரைத் தாங்கியிலிருந்து வந்தால் மூன்று, நான்கு மீற்றர் உயரத்து அழுத்தம்தான். மேட்டில் உள்ள ஊற்றிலிருந்து குழாய் போட்டு எடுக்கிற வீடுகளில் கதை வேறு: ஒவ்வொரு பத்து மீற்றர் உயரத்துக்கும் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம். ஊற்று முப்பது மீற்றர் மேலே இருந்தால் மூன்று பார். வெட்டிய குழாயிலிருந்து அது பீறிட்டால் கையால் பொத்த முடியாது. பழைய கேட் வால்வைப் பூட்டினாலும் முழுதாக மூடாது. ஆகவே பூட்டிய பிறகு குசினிக் குழாயைத் திறந்துவிட்டு, கடைசிச் சொட்டும் நிற்கும்வரை பார்த்திருக்க வேண்டும்.

கருவி தன் மதிப்பைக் காட்டியது சிங்க்குக்கு அடியில்தான். அங்கே மல்லாந்து படுத்தால் முகத்துக்கு நேரே பொட்டில் ட்ரப், அதன் பின்னால் சுவருக்குள் போகிற ஒன்றரை அங்குல பிவிசி கழிவுக் குழாய். ட்ரப்பைக் கையாலேயே கழற்றிவிடலாம்; உள்ளே தேங்கிய தண்ணீருக்கு ஒரு பேசின் வைத்தால் போதும். குழாயின் முழங்கை மூட்டோ பசை போட்டு ஒட்டியது, அசையாது. குழாய்க்கும் பின்பலகைக்கும் இடையில் இரண்டு விரல் நுழையும் இடந்தான். இரும்பு வாளை அங்கே முன்னும் பின்னும் இழுக்க வழியே இல்லை. மல்டிட்டூலில் நேர் அலகைப் போட்டு, வேகத்தை நடுவில் வைத்து, அழுத்தாமல் பிடித்தேன். பிவிசி உருகி ஒட்டாமல் மெல்லிய தூளாகக் கொட்டி, குழாய் நேராக அறுபட்டது. வேகத்தை முழுதாகக் கூட்டினால் பிளாஸ்ரிக் இளகி, அலகுக்குப் பின்னாலேயே மறுபடி ஒட்டிக்கொள்ளும். இன்னொன்று, சுவரோடு ஒட்ட அறுக்கக் கூடாது. இரண்டு அங்குலமாவது வெளியே விட்டால்தான் நாளை புதுச் சொக்கட் போட்டு ஒட்டலாம். அறுத்த வாயைத் துணியால் அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கானின் நாற்றமும் கரப்பானும் அன்றிரவே வீட்டுக்குள் வந்துவிடும்.

சிங்க்கைச் சுற்றியிருந்த சிலிக்கனை அறுக்க, பல்லில்லாத சுரண்டும் அலகு. கத்தியால் அறுத்தால் கிரானைட்டில் கோடு விழும் என்று அக்கா பயந்தார். இந்த அலகு படுத்த வாக்கில் போனதால் கல்லிலும் சிங்க்கிலும் ஒரு கீறல்கூட இல்லை.

கிரானைட்டைத் தூக்குவதற்கு எந்தக் கருவியும் உதவாது, ஆட்கள் வேண்டும். 20 மில்லிமீற்றர் தடிப்புள்ள கல் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 54 கிலோ. எட்டடி நீளம், இரண்டடி அகலம் என்றால் 80 கிலோ. சிங்க் இருந்த ஓட்டைக்கு முன்னும் பின்னும் உள்ள ஒடுங்கிய பட்டிகளில்தான் அது முறியும். அந்த இடத்தில் நீளமாக ஒரு சட்டத்தை வைத்துக் கட்டி, கண்ணாடியைப் போல நிறுத்திய நிலையில் தூக்க வேண்டும். படுக்கையாகத் தூக்கினால் தன் பாரத்திலேயே பிளக்கும்.

சுவரில் தொங்கும் கபட்டுகளில்தான் கருவி கொஞ்சம் திணறியது. துருப்பிடித்துத் தலை தேய்ந்த ஸ்க்ரூக்களை ஸ்க்ரூட்ரைவர் பிடிக்காது. பலகைக்கும் சுவருக்கும் நடுவில் பைமெட்டல் அலகை நுழைத்தால் சாதாரண ஆணியையும் ஸ்க்ரூவையும் அறுத்துவிடும், ரோல் பிளக் சுவரிலேயே தங்கிவிடும். ஆனால் இங்கே பலகை வேலைக்குத் தாராளமாகப் போடுகிற கறுப்பு நிற ஜிப்சம் ஸ்க்ரூ கடினமாக்கிய உருக்கு. அதில் பைமெட்டல் அலகின் பல் மழுங்கிவிடும்; கார்பைட் அலகு வேண்டும். அறுக்கத் தொடங்குவதற்கு முன் கபட்டுக்கு அடியில் முட்டுக் கொடுக்கவும் மறக்கக் கூடாது. கடைசி ஸ்க்ரூ அறுபட்ட கணத்தில் முழுப் பெட்டியும் இறங்கும்.

கொங்கிரீட் தட்டை உடைக்க இதைத் தொடாதீர்கள். பழைய வீடுகளில் செங்கல் சுவரில் தட்டு வார்த்து, மேலே டைல்ஸ் பதித்து, முன்னால் கதவு மட்டும் பூட்டியிருப்பார்கள். அங்கே மல்டிட்டூல் கதவுச் சட்டத்தைப் பிரிக்கவும், டைல்ஸ் இடுக்கைச் சுரண்டவும் உதவும், அவ்வளவுதான். மிச்சம் மேசன் பாஸின் வேலை. அவரிடமும் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: டைல்ஸையும் கல்லையும் கிரைண்டரால் உலர்வாக அறுக்க வேண்டாம், தண்ணீர் விட்டு அறுக்கட்டும், முகக்கவசம் போடட்டும். அந்த வெள்ளைத் தூளில் உள்ள சிலிக்கா நுரையீரலில் தங்கினால் திரும்ப வராது. 90 சதவீதத்துக்கு மேலும் சிலிக்கா இருக்கக்கூடிய செயற்கைக் குவார்ட்ஸ் கல்லை அறுத்த தொழிலாளர்கள் இளம் வயதிலேயே சிலிக்கோசிஸ் நோயில் விழுந்ததால்தான் அவுஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லையே தடைசெய்தது. நம் ஊரில் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு நாள் முழுக்க அறுக்கிற பையன்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

உடைந்த டைல்ஸையும் சீமெந்துக் கட்டிகளையும் வீட்டுக்குப் பின்னால் சரிவில் கொட்டுகிற பழக்கத்தையும் விட வேண்டும். 2016 மே 17 அன்று அரநாயக்கவில் மலை சரிந்து மக்கள் புதையுண்ட மாவட்டம் இது. மழைத் தண்ணீர் ஓடும் கானை நாமே அடைத்தால் அந்தத் தண்ணீர் மண்ணுக்குள்தான் இறங்கும். குவியலைத் தட்டையான இடத்தில் வைத்து, முற்றத்துக் குழிகளை நிரப்பப் பயன்படுத்தலாம்.

வாங்கலாமா? ஒரே ஒரு பென்ட்ரியைக் கழற்றத்தான் என்றால் வேண்டாம். தெரிந்த தச்சு பாஸிடம் இரவலாகவோ வாடகைக்கோ எடுங்கள். வருடாவருடம் கதவு, நிலை, குழாய் என்று ஏதாவது செய்கிற வீடானால் காசுக்குத் தகும். அரை மணி நேரம் தொடர்ந்து பிடித்தால் கை மரக்கிறது, சத்தமும் காதைத் துளைக்கிறது. இடையில் ஓய்வும் காதுக்கு அடைப்பும் வேண்டும். அலகு மாற்ற ஒவ்வொரு முறையும் ஆலன் சாவியால் ஸ்க்ரூவைத் திருக வேண்டியிருப்பது சலிப்பு. இதே வரிசையில் கூடிய விலையுள்ளவற்றில் அலகை அப்படியே சொருகிவிடலாம். பொஷ்ஷும் ஃபைனும் சேர்ந்து 2016இல் கொண்டுவந்த ஸ்டார்லொக் பொருத்துத்தான் இதில் இருக்கிறது, ஆகவே ஹார்ட்வெயார் கடையில் அலகு கேட்கும்போது அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். மரத்துக்கு ஒன்று, ஆணி கலந்த மரத்துக்குப் பைமெட்டல் இரண்டு, கார்பைட் ஒன்று, சுரண்டும் அலகு ஒன்று இருந்தால் ஒரு பென்ட்ரிக்குப் போதும்.