சீதன உறுதியும் எமது இலக்கியமும்

ஈழத்து முற்போக்கு எழுத்தாளர் சீதனத்தைக் கண்டிக்காத காலம் இல்லை. சீதனம் இன்மையால் வீட்டு மூலையில் வயது முதிரும் தங்கை, அவளைக் கரையேற்றுவதற்காகக் கொழும்புக் கந்தோரில் தேய்ந்து போகும் தமையன், நன்கொடையின் தொகையை ஏற்றிக்கொண்டே போகும் மாப்பிள்ளை வீட்டார், ஈடு வைக்கப்பட்ட வளவு ஆகியவற்றை எமது சிறுகதைகளில் எத்தனையோ முறை கண்டுவிட்டோம். அக்கதைகளின் கோபம் நேர்மையானது. அதனை நாம் குறைத்து மதிப்பிட முன்வரவில்லை. எனினும் ஒரு கேள்வி எம்மை நெடுநாளாக உறுத்தி வருகின்றது. சீதனம் கிடைக்காத பெண்ணுக்காக இத்துணை கண்ணீர் வடித்த எழுத்தாளன், சீதனம் கிடைத்த பெண்ணைப் பின்தொடர்ந்து சென்று பார்த்தானா? கலியாணப் பந்தலோடு அவனுடைய கதை முடிந்துவிடுகின்றது. பந்தலைப் பிரித்த பின்னர் அந்தச் சீதன உறுதிக்கு யாது நேர்ந்தது?

இதனை அறிய வேண்டுமாயின் இலக்கியத்தைச் சற்று ஒருபுறம் வைத்துவிட்டு நொத்தாரிசின் விறாந்தைக்குச் செல்ல வேண்டும்.

யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமாகிய தேசவழமை 1707ஆம் ஆண்டில், ஒல்லாந்தர் ஆட்சியில், கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரியினால் தொகுக்கப்பட்டது. பன்னிரண்டு முதலியார்கள் அதனைப் பார்வையிட்டு ஒப்புதல் அளித்தனர். முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று அது சொத்தை வகுத்தது. தாயின் சீதனம் பெண்மக்களுக்குச் சீதனமாகச் செல்லும். தகப்பன் வழிச் சொத்தாகிய முதுசம் ஆண்மக்களைச் சாரும். இந்த ஒழுங்கில் மலையாளத்து மருமக்கட்டாயத்தின் சாயலைச் சட்ட அறிஞர் எச். டபிள்யூ. தம்பையா கண்டார். அவர் கண்டது ஆராய்ச்சி. அதனைக் கேட்டவர்களோ அதைப் பெருமையாக்கிக் கொண்டனர். 'எங்கள் பெண்களுக்கு ஆதிமுதலே சொத்துரிமை உண்டு' என்று மேடைகளில் பேசுவதற்கு அது வசதியாயிற்று.

இப்பெருமை அரை உண்மை. மகளின் பெயரில் காணி எழுதப்பட்டது மெய்தான். ஆனால் மனைவி கணவனின் விருப்பத்துக்கு அடங்கியவள் என்பதையும் அதே தேசவழமை கூறுகின்றது. அடிமைகளை யார் உடைமையாகக் கொள்ளலாம், அவர் எவ்வாறு நடத்தப்பட வேண்டும் என்பதையும் அதே தேசவழமைதான் கூறுகின்றது. முன்னோரின் ஞானம் என்று அந்நூலை உயர்த்திப் பிடிப்போர் இப்பக்கங்களை விரைவாகப் புரட்டிவிடுவது வழக்கம்.

1911ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்து விவாக உரிமைகளும் மரபுரிமையும் பற்றிய கட்டளைச் சட்டம் பிறந்தது. அக்காலத்துச் சட்டநிரூபண சபையில் பெண் எவளும் அமர்ந்திருக்கவில்லை; அதற்கு ஓர் ஆளைத் தெரிவு செய்யும் உரிமையும் எந்தப் பெண்ணுக்கும் இருக்கவில்லை. அச்சட்டம் ஓர் அடி முன்னே வைத்தது. மறு காலைப் பின்னே இழுத்துக் கொண்டது. மணமான பெண்ணின் சொத்து அவளுடைய தனிச் சொத்து என்று ஏற்றது. நகை, பணம் முதலிய அசையும் சொத்தை அவள் தன் எண்ணப்படி கையாளலாம் என்றது. ஆனால் காணி, வீடு முதலிய அசையாச் சொத்தைக் கைமாற்றுவதாயின் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்று கட்டிப்போட்டது. 1923இல் பொதுச் சட்டத்துக்கு உட்பட்ட மணமான பெண்களுக்கு முழுமையான சொத்துரிமை வழங்கப்பட்டபோது தேசவழமைக்கு உட்பட்டோர் அதற்குப் புறம்பாகவே விடப்பட்டனர்.

இதன் விளைவை எண்ணிப் பார்ப்போம். கொழும்பில் ஒரே ஒழுங்கையில் இரண்டு மனைவியர் வாழ்கின்றனர். ஒருத்தி கரைநாட்டுச் சிங்களப் பெண், மற்றவள் யாழ்ப்பாணத்தவள். இருவருக்கும் தாய் தந்த காணி உண்டு. முன்னவள் தனியே சென்று அறுதி உறுதி முடிக்கலாம். பின்னவள் ஆசிரியையாக இருந்தாலும், வழக்கறிஞராகவே இருந்தாலும், கணவனின் ஒப்பமின்றி ஒரு பரப்பையேனும் விற்க முடியாது. மணமாகுமுன் அவளுக்கே அந்த உரிமை இருந்தது. கணவன் இறந்தால் மீண்டும் கிடைக்கும். கழுத்தில் தாலி இருக்கும் காலத்திற்கு மட்டும் அவள் சட்டத்தின் கண்ணில் சிறுபிள்ளை! நூறாண்டுக்கு மேலாக நின்ற விதி இது.

இதற்குக் காரணம் தனிமனிதரின் பேராசை என்று எமது கதைகள் கூறும். மாமியார் கொடியவள், மாப்பிள்ளை பணப்பேய். நாம் அவ்வாறு கருதவில்லை. யாழ்ப்பாணத்துக் குடாநாட்டில் காணி அருமையான பொருள். அது குலத்தின் எல்லைக்குள், வர்க்கத்தின் எல்லைக்குள் சுழன்றுகொண்டிருக்க வேண்டும் என்பதே உடைமையாளரின் கவலை. ஆங்கிலக் கல்வியும் அரசாங்க உத்தியோகமும் வந்த பின்னர், மகனைப் படிப்பிக்கச் செலவிட்ட முதலை மருமகளின் காணியாக மீட்கும் வழக்கம் வலுத்தது. ஒரு வீட்டிலிருந்து மற்றொரு வீட்டுக்குச் செல்லும் மூலதனத்துக்குப் பெண்ணின் பெயர் ஒரு கூடை. கூடைக்கு உரிமை தந்தால் அது வழியில் எங்கேனும் இறக்கிவிடக்கூடும் அன்றோ?

கல்வி இதனை மாற்றும் என்று நம்பியோர் பலர். உடுவிலில் 1824இல் அமெரிக்க மிசனரிமார் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கினர். அங்கே படித்துக் கிறிஸ்தவரை மணக்கும் பெண்களுக்கு மிசனே சீதனம் கொடுக்க நேர்ந்தது. கல்வி சீதனத்தை வெல்லவில்லை. கல்விதான் சீதனத்தோடு சமரசம் செய்துகொண்டது. 1913இல் மருதனார்மடத்தில் சைவப் பெண்களுக்காக இராமநாதன் கல்லூரியை நிறுவிய சேர். பொன். இராமநாதன், சில ஆண்டுகளின் பின் பெண்களுக்கு வாக்குரிமை வழங்குவதைக் கடுமையாக எதிர்த்தார். இதில் முரண்பாடு இருப்பதாக அவர் எண்ணியிருக்க மாட்டார். நல்ல மனைவியை ஆக்குவதற்கே கல்வி என்று கருதியவருக்கு வாக்குச் சீட்டு வீண் பொருளே.

எனினும் வாக்கு வந்தது. 1927இல் அமைக்கப்பட்ட பெண்கள் வாக்குரிமைச் சங்கம் டொனமூர் ஆணைக்குழுவின் முன் வாதாடிற்று. முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு மட்டும் என்று ஆணைக்குழு பரிந்துரைத்தது. 1931இல் இருபத்தொரு வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலார்க்கும் அவ்வுரிமை கிடைத்தது. 1932இல் நேசம் சரவணமுத்து கொழும்பு வடக்கிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். 1960இல் உலகின் முதற் பெண் பிரதமர் இத்தீவில் பதவியேற்றார். இவையெல்லாம் பாடப்புத்தகத்தில் உள்ளவை. ஒரு நாட்டை ஆளப் பெண்ணால் முடியும் என்று ஏற்றுக்கொண்ட அதே தீவில், யாழ்ப்பாணத்து மனைவி தன் தாயின் பனங்காணியை விற்கக் கணவனின் முகத்தைப் பார்த்து நின்றாள் என்பது மட்டும் பாடப்புத்தகத்தில் இல்லை.

இனி எமது இலக்கியத்துக்கு வருவோம். 1914ஆம் ஆண்டிலேயே மங்களநாயகம் தம்பையா 'நொறுங்குண்ட இருதயம்' என்ற நாவலை எழுதினார். மணவாழ்வினுள்ளே ஒரு பெண் படும் துயரை ஒரு பெண்ணே எழுதினார் என்பது அன்று சிறிய காரியம் அன்று. 1911ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் அந்நாவலுக்கும் இடையே மூன்றே ஆண்டுகள்தான் என்பதை எமது இலக்கிய வரலாற்றாசிரியர் எவரேனும் இணைத்து நோக்கினாரோ, நாம் கண்டிலோம். நாவலைச் சமயப் போதனை என்று ஒரு வரியில் கூறி நகர்ந்துவிடுவதே பெருவழக்கு. அதன் நடையில் போதனை உண்டு. ஆனால் கலியாணத்தோடு கதையை முடிக்காமல் அதன் பின்னர் நடப்பதைப் பார்க்கத் துணிந்தது அந்நாவல்.

அந்தத் துணிவைப் பின்வந்த முற்போக்காளர் கைவிட்டது ஏன்? 1954இல் முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தோன்றிய பின் சாதியும் வர்க்கமும் எமது எழுத்தின் மையமாயின. அது சரியான மையமே. கே. டானியலின் 'பஞ்சமர்' (1972) காணி எவருடையது, உழைப்பு எவருடையது என்ற கேள்வியை யாழ்ப்பாணத்தின் முகத்தில் எறிந்தது. காணியே இல்லாத குடும்பத்துப் பெண்ணுக்குக் கணவனின் ஒப்பம் ஒரு பிரச்சினையன்று. அவளுக்கு அன்றன்றைய கூலியே பிரச்சினை என்பதை நாம் மறக்கவில்லை. ஆனால் அதைக் காரணமாக்கி, 'வர்க்க விடுதலை வந்தால் பெண் விடுதலை தானே வரும்' என்று ஒரு சூத்திரத்தைச் சொல்லிவிட்டு ஓய்ந்தோம். இக்குற்றத்தில் விமரிசகராகிய நாமும் பங்காளிகளே. ஒரு கதையில் பெண் பாத்திரம் அழுதால் 'யதார்த்தம்' என்று பாராட்டினோம். அவள் கணக்குக் கேட்டால் 'பிரசாரம்' என்று குறை கூறினோம்.

மலையகத்தைப் பார்த்திருந்தாலே அச்சூத்திரத்தின் பிழை விளங்கியிருக்கும். அங்கே காணியும் இல்லை, சீதன உறுதியும் இல்லை. கொழுந்து பறித்தவள் பெண். சம்பள நாளில் அவளுடைய கூலியைக் கணவனோ தகப்பனோ சென்று வாங்கி வரும் வழக்கம் பல தோட்டங்களில் நெடுங்காலம் நிலவியது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்பது 1984இல்தான் கைகூடிற்று. தொழிற்சங்க மேடைகளில் பாடி அம்மக்களைத் திரட்டிய மீனாட்சி அம்மாளை நாம் 'நடேசய்யரின் மனைவி' என்றே நினைவு கூர்ந்து வந்தோம். அதுவும் ஒருவகைக் கணவனின் ஒப்பம் போலும்.

1986இல் யாழ்ப்பாணத்திலிருந்து 'சொல்லாத சேதிகள்' என்ற பெண் கவிஞர்களின் தொகுப்பு வந்தபோதுதான் எம்மிற் பலர் விழித்துக் கொண்டோம். நாம் எழுதிய பெண்ணும் தம்மைத் தாமே எழுதிய பெண்களும் வெவ்வேறானவர்கள் என்று அன்று கண்டோம். ஆனால் அதற்குள் போர் மூண்டுவிட்டது.

2009இல் போர் முடிந்தபோது வடக்கில் எண்ணற்ற வீடுகளில் ஒப்பமிடக் கணவன் இல்லை. இறந்தவனின் மனைவிக்குச் சட்டம் வழிவிட்டது. காணாமல் ஆக்கப்பட்டவனின் மனைவியோ நடுவழியில் நின்றாள். கணவனின் இருப்பிடம் தெரியாவிடின் மாவட்ட நீதிமன்றத்துக்கு மனுச்செய்து அவனுடைய சம்மதத்துக்குப் பதிலாக நீதிமன்றின் அனுமதியைப் பெறலாம் என்று 1911ஆம் ஆண்டுச் சட்டமே ஏற்பாடு செய்திருக்கின்றது. வழி உண்டுதான். வழக்கறிஞருக்குக் கொடுக்கும் கூலியும், தவணைக்குத் தவணை இழக்கும் நாட்கூலியும் அதற்குள் அடங்கா.

தேசவழமையைத் தொடுவது எமது இனத்தின் அடையாளத்தைத் தொடுவதாகும் என்று சில நண்பர்கள் எச்சரிக்கின்றனர். எமது நிலம் பறிபோகும் காலத்தில் நிலத்தைக் காக்கும் வேலியைப் பிடுங்கலாமா என்று கேட்கின்றனர். அவர்களுடைய அச்சம் பொய்யானதன்று; அதற்கு ஆதாரங்கள் உண்டு. ஆனால் ஒல்லாந்தன் தொகுத்து, ஆங்கிலேயன் 1911இலும் 1947இலும் திருத்திய ஒரு சட்டத்தைத் தமிழர் மட்டும் திருத்தக் கூடாது என்பது என்ன நியாயம்? அந்நியன் கையில் காணி சென்றுவிடாதபடி காக்கும் பொறுப்பு, காணிக்கு உரியவளிடம் ஏன் இருக்கக் கூடாது?

2016ஆம் ஆண்டுச் சட்டமொன்று காணாமற்போனமைக்கான சான்றிதழுக்கு வழி செய்தது. மரணச் சான்றிதழ் வேண்டாம் என்று மறுத்த பெண்களுக்கு அது ஓரளவு ஆறுதல். எனினும் காணிக்கான மனுவில் கணவன் எங்கென்று தெரியவில்லை என்று அவள் எழுதிக் கையொப்பமிட வேண்டும். அவன் எங்கே என்று அரசைக் கேட்டு வீதியோரத்தில் படத்தோடு அமர்ந்திருப்பவளும் அவளே. பிள்ளையின் படிப்புக்காக இரண்டு பரப்பை விற்கவோ, அந்த வசனத்தை எழுதாமல் விடவோ என்று அவள் இரவெல்லாம் எண்ணிக் கிடக்கின்றாள். அவளுடைய தாய் தந்த சீதனக் காணி அது. சீதனக் கொடுமையைப் பற்றிய எமது கதைகளுள், அந்த இரவுக்குள் நுழைந்த கதையைக் காண்பது அரிதாகவே உள்ளது.