லாக் ஆன பிஎல்எல்லை எவ்வளவு நம்பலாம்?

கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் ஒரே தாளத்தில் இயங்க வேண்டுமானால், தாளத்தைத் தரும் கிளாக் சிக்னல் பிசகக் கூடாது. அதிவேகச் சுற்றுகளில் இந்தப் பொறுப்பு பெரும்பாலும் பிஎல்எல் எனப்படும் ஃபேஸ் லாக்டு லூப்பிடம் விடப்படுகிறது. குவார்ட்ஸ் படிகம் தரும் மெதுவான துடிப்பை அது பல மடங்காகப் பெருக்குகிறது. பெருக்கியதைத் திரும்ப வகுத்து, மூலத்துடன் ஒப்பிட்டு, விலகல் தெரிந்தால் தன் ஆஸிலேட்டரைத் திருத்திக்கொள்கிறது. பிரெஞ்சுப் பொறியாளர் ஆன்றி தெ பெல்சீஸ் 1932-இல் வானொலி ஏற்பிகளுக்காக விளக்கிய முறையிலிருந்து வளர்ந்தது இது.

இதன் பெருமையைக் குறைத்துச் சொல்ல முடியாது. 1992-இல் வந்த இன்டெல் 486டிஎக்ஸ்2 சிப்பைப் பாருங்கள். மதர்போர்டு 33 மெகாஹெர்ட்ஸிலேயே ஓடியது. உள்ளே, பிஎல்எல் பெருக்கித் தந்த 66-இல் செயலி ஓடியது. போர்டை மாற்றாமலே வேகம் இரட்டிப்பானது. இன்று கிளாக்கைச் சிப்புக்குள் பெருக்கும் தேவை இன்னும் கூர்மையானது. சாதாரண சர்க்யூட் போர்டில் ஒரு சிக்னல் ஒரு நானோ வினாடியில் சுமார் 15 சென்டிமீட்டர்தான் போகும். 5 கிகாஹெர்ட்ஸ் கிளாக்கின் ஒரு சுற்று 200 பைக்கோ வினாடி. அதற்குள் சிக்னல் கடப்பது 3 சென்டிமீட்டர். அத்தனை வேகமான கிளாக்கைப் போர்டு முழுக்க இழுத்துச் செல்வது வீண்வேலை. பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்புகள் 100 மெகாஹெர்ட்ஸ் மூலத் துடிப்பை மட்டும் சுமந்து சென்று, தேவையான வேகத்தைச் சிப்புக்குள்ளேயே உருவாக்கிக்கொள்வது அதனால்தான்.

ஆனால், பிஎல்எல் வைத்துவிட்டால் இரைச்சல் ஒழிந்தது என்ற எண்ணம் வடிவமைப்பாளர்களிடம் வேரூன்றியிருக்கிறது. என் மறுப்பு இங்கேதான்.

மூலம் 100 மெகாஹெர்ட்ஸ், வெளியீடு 5 கிகாஹெர்ட்ஸ், அதாவது 50 மடங்கு என்று வைத்துக்கொள்வோம். ஓய்ந்திருந்த கணக்கீட்டுப் பகுதி ஒன்று திடீரென்று விழிக்கிறது. லட்சக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் ஒருசேர மின்னோட்டத்தை இழுக்க, சப்ளை வோல்ட்டேஜ் சற்றே இறங்குகிறது. அதன் விளைவாக ஆஸிலேட்டரின் வேகம் வெறும் 0.2 சதவீதம் குறைகிறது. ஒரு சுற்றுக்கு 0.4 பைக்கோ வினாடி தாமதம், பார்க்க அற்பம். ஆனால் ஆஸிலேட்டரில் ஒரு சுற்றின் பிழை அடுத்த சுற்றின் தலையில் ஏறுகிறது. 50 சுற்றுகளில் 20 பைக்கோ வினாடி சேர்ந்துவிடும். ஒரு சுற்றின் பத்தில் ஒரு பங்கு போயிற்று. இத்தனைக்கும் அந்த 50 சுற்றுகளுக்குள் பிஎல்எல் மூலத்தை ஒப்பிட்டது ஒரே ஒரு முறை, ஏனென்றால் மூலத்தின் விளிம்பு 10 நானோ வினாடிக்கு ஒன்றுதான் வருகிறது. லூப் நிலைகுலையாமல் இருக்க அதன் பேண்ட்வித்தை, அதாவது எவ்வளவு வேகமான மாற்றம் வரை அது பின்தொடரும் என்ற அளவை, மூல அதிர்வெண்ணில் பத்தில் ஒரு பங்குக்குள் வைப்பது வழக்கம் என்பதால், திருத்தம் இன்னும் சில ஒப்பீடுகளுக்குப் பிறகே முழுமையாகும். அதற்குள் ஒரு பிட் தவறாகப் படிக்கப்பட்டிருக்கலாம்.

பேண்ட்வித்தைக் கூட்டினால் ஆஸிலேட்டரின் நடுக்கம் (ஜிட்டர்) அடங்கும். ஆனால் மூலத்தின் நடுக்கம் தடையின்றி உள்ளே வரும். மூலத்தில் 2 பைக்கோ வினாடி நடுக்கம் என்பது ஒரு சுற்றின் 10,000 பைக்கோ வினாடியில் 2. வெளியீட்டிலோ அதே 2, 200-இல் 2. பேண்ட்வித்தைக் குறைத்தால் நிலைமை தலைகீழ். ரேடியோ குறுக்கீட்டைத் தணிக்க பிசிஐ எக்ஸ்பிரஸ் கிளாக்கை 0.5 சதவீதம் வரை வேண்டுமென்றே இறக்கி ஏற்றுவதும் உண்டு. பேண்ட்வித் மிகக் குறுகிய லூப் அதைப் பின்தொடரத் திணறும். ஆக, பிஎல்எல் எல்லா இரைச்சலையும் அழிப்பதில்லை. எந்த இரைச்சலை விடுவது, எதைத் தடுப்பது என்று நாம் எடுத்த முடிவை நிறைவேற்றுகிறது, அவ்வளவே. ஒன்று போதவில்லை என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பிஎல்எல்களைத் தொடுப்பது இன்னும் மோசம். ஒவ்வொன்றும் தன் பேண்ட்வித்தை ஒட்டிய நடுக்கத்தைச் சிறிது பெருக்கவே செய்யும்.

மாற்று இல்லாமல் இல்லை. டிஎல்எல் எனப்படும் டிலே லாக்டு லூப்பில் ஆஸிலேட்டரே கிடையாது. வந்த விளிம்பைத் தாமதப்படுத்தி அனுப்புவதோடு சரி. ஆகவே பிழை சுற்றுக்குச் சுற்று சேராது. டிடிஆர் மெமரி சிப்புகள் தரவைக் கிளாக்கோடு ஒத்துவைக்க இதையே நம்புகின்றன. ஆனால் மூலம் அழுக்கென்றால் வெளியீடும் அழுக்குதான்; அதிர்வெண்ணைப் பெருக்குவதும் அதற்கு எளிதல்ல. தரவோடு கிளாக்கையும் பக்கத்துத் தடத்தில் அனுப்புவது மற்றொரு வழி. இரண்டும் ஒரே இரைச்சலைச் சந்திப்பதால் அவற்றுக்கிடையே விலகல் குறையும். கூடுதல் தடங்கள் தேவைப்படும் என்றாலும், குறுகிய தூரங்களுக்கு நான் இதையே தேர்ந்தெடுப்பேன்.

பிஎல்எல்லைக் கைவிடச் சொல்லவில்லை. அதற்கு நிகராக அதிர்வெண்ணைப் பெருக்கித் தரும் சாதனம் நம்மிடம் வேறில்லை. குறை, சோதனைக் கூடத்தில் பிஎல்எல் மூலத்தோடு ஒத்துப்போனதைக் குறிக்கும் லாக் பிட் 1 காட்டியதும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிற பழக்கத்தில் இருக்கிறது. விலகல் ஒரு வரம்புக்குள் நிற்கிறது என்பதை மட்டுமே அந்த பிட் சொல்லும். ஒவ்வொரு விளிம்பும் எவ்வளவு நடுங்குகிறது என்பதைச் சொல்லாது. ஆஸிலேட்டருக்குத் தனி ரெகுலேட்டர் கொடுங்கள். டீகப்ளிங் கபாசிட்டர்களை அதன் சப்ளை பின்னுக்கு (pin) ஒட்டி வையுங்கள். பிறகு, சிப் முழுச் சுமையில் ஓடும்போது ஜிட்டரை அளந்து பாருங்கள். சிப் சும்மா இருக்கும்போது எடுத்த அளவை அறிக்கையில் சேர்க்காதீர்கள்.