நாலு கிழமை குளிர்

கோத்தகிரியில் என் சித்தி வீட்டு வாசலில் மூன்று தொட்டி லாவெண்டர் நின்றது. குனிந்து ஒரு இலையைக் கசக்கி மோந்தேன். தங்கச்சி மகன் பக்கத்தில் வந்து, "சிலோன்ல இதெல்லாம் ஏது பெரியம்மா? உங்க ஊர் மழைக்கு அழுகிடுமே" என்றான். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. ஆனாலும் சுருக்கென்றது. நுவரெலியாவில் என் வீட்டு முன்னால் 11 செடி நிற்கிறது. அத்தனையும் விதை போட்டு வளர்த்தவை.

கோத்தகிரியில் விதை போடுவதில்லை. வேர்பிடித்த குச்சியை நர்சரியில் வாங்கி, செம்மண்ணும் தொழு உரமும் கலந்து வைத்துவிடுகிறார்கள். அதில் குற்றம் சொல்ல முடியாது. விதைக் கன்று ஒன்றுபோல் ஒன்று இராது, பூக்கவும் ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். ஜம்முவில், தோடா மாவட்டத்துப் பதர்வாவில், மக்காச்சோளக் கொல்லைகளை லாவெண்டராக மாற்றியவர்களும் குச்சிதான் நட்டார்கள். எண்ணெய் வடித்து விற்க அதுதான் வழி. அதை ஊதாப் புரட்சி என்று இந்தியா கொண்டாடுவது நியாயம். ஆனால் வீட்டில் வளர்க்கிறவளுக்கு முளை விடுவதைப் பார்ப்பதில்தான் பாதிச் சந்தோஷம்.

விதை பொடியாக இருக்கும், கருத்து மினுங்கும். ஈர மணலில் கலந்து, மூடிபோட்ட டப்பாவில் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் நாலு கிழமை வைக்க வேண்டும். குளிர்காலம் ஒன்றைக் கடந்ததாக நம்பினால்தான் அது நன்றாகக் கண்திறக்கும். பிறகு மணலும் தும்புத்தூளும் நிரப்பிய தட்டில் தூவி, உள்ளங்கையால் மெல்ல அழுத்த வேண்டும். மண் போட்டு மூடக்கூடாது, வெளிச்சம் வேண்டும். இரண்டு மூன்று கிழமையில் பச்சைப் புள்ளிகள் தெரியும். நாலாவது இலை வந்ததும் நகத்தால் தொட்டாலே விரலில் மணம் ஒட்டிக்கொள்ளும்.

மழையைப் பற்றி அவன் சொன்னது உண்மைதான், இரண்டு பருவமழையும் நனைக்கிற ஊர் எங்களுடையது. அதைவிடத் தொல்லை மண். தேயிலைக்குப் பிடித்த அமில மண் லாவெண்டருக்கு ஆகாது. அதற்குத் தோட்டத்தில் தேயிலைக்குப் போடும் டொலமைட்டே போதும், ஒரு சாடிக்கு இரண்டு கரண்டி. தகரக் கூரையின் கீழே, தூவானம் படாமல் வெயில் மட்டும் விழும் இடத்தில் சாடியை வைத்தால் வேர் அழுகாது. கோத்தகிரியும் தேயிலை மண்தான். சித்தி வீட்டுச் செடியில் அடியிலை மஞ்சளித்திருந்தது. நாலே நாள் விருந்தாளி, வாய் திறக்கவில்லை. 2021இல் இரசாயன உர இறக்குமதியை இலங்கை அரசு நிறுத்தியபோது எங்கள் பக்கத்துக் கரட், லீக்ஸ் பாத்திகள் வெளிறிப்போயின. உரம் கேட்காத லாவெண்டர் மட்டும் அந்த வருடமும் பூத்தது.

பூ முழுக்க விரியும் முன்பே தண்டோடு வெட்டி, இருட்டறையில் தலைகீழாகத் தொங்கவிடுவேன். காய்ந்ததும் உதிர்த்து, பழைய வாயில் சேலைத் துண்டில் முடிந்து அலுமாரியில் வைத்தால் பூச்சி அண்டாது, பிள்ளைகளின் பள்ளிச் சட்டையும் மணக்கும். அங்கே பீரோவுக்கு அந்துருண்டை, தலைவலிக்கு நீலகிரித் தைலம். பூத்தது தொட்டியிலேயே காய்ந்து உதிர்கிறது. எனக்கு அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அவர்களுக்குத் தொட்டி, எங்களுக்குச் சாடி. அவர்களுக்கு நாற்றங்கால், எங்களுக்கு நாற்றுமேடை. 1974இல் தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பலேறிய சித்தி மட்டும் இன்னும் அலுமாரி என்றுதான் சொல்கிறாள். அவளை அங்கே சிலோன்காரி என்கிறார்கள். என்னை இங்கே 2012 குடிசன மதிப்பீட்டில் இந்தியத் தமிழர் என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

நான் ஊர் திரும்பிய பிறகு தங்கச்சி மகன் விதை வாங்கிவிட்டு, குளிரில் எத்தனை நாள் என்று போனில் கேட்டான். நாலு கிழமை என்றேன். அவன் நாலாம் நாளே வெளியே எடுத்துத் தூவிவிட்டான். ஒன்றும் முளைக்கவில்லை. கிழமை என்றால் அங்கே நாள்தானே! சித்தியைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். மிச்ச விதையை மறுபடி மணலில் கலந்து வைத்திருக்கிறான். இந்த முறை 28 நாள் என்று எழுதி அனுப்பினேன்.